12 ஷிஃப் காரங்கள் செய்தேன், 11க்கு நல்ல தடை வட்டம். அடுத்து என்ன?

#1 ஆரஞ்சுத்தூள் | திங்கள் இரவு 9:40

வணக்கம். ஆராய்ச்சியில் இரண்டாம் ஆண்டு மாணவி. இத்தனை நாள் சத்தமில்லாமல் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு.

சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தின் அரோமாட்டிக் அமீனோடு 12 வெவ்வேறு சாலிசிலால்டிஹைடுகளைச் சேர்த்து 12 ஷிஃப் காரங்கள் (இமீன்கள், அதாவது கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மங்கள்) செய்திருக்கிறேன். எத்தனாலில் ரிஃப்ளக்ஸ், சில துளி அசிட்டிக் அமிலம், மூன்று நான்கு மணி நேரம். குளிரவிட்டால் ஆரஞ்சிலும் மஞ்சளிலும் வீழ்படிவு கொட்டுகிறது (என் பெயருக்குக் காரணம் புரிந்திருக்கும்). என்எம்ஆரில் இமீன் புரோட்டான் 8.9க்குப் பக்கத்தில் ஒற்றைச் சிகரமாக நிற்கிறது. நிறைமாலையும் சரி.

முல்லர்-ஹின்டன் அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) 6 மி.மீ துளை போட்டு, துளைக்கு 100 மைக்ரோகிராம், டிஎம்எஸ்ஓவில் கரைத்து வைத்தேன். ஈ. கோலையில் 11 சேர்மங்களுக்கு 13 முதல் 15 மி.மீ வரை கிருமி வளராத வட்டம். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸிலும் ஏறக்குறைய அதே. 3,5-டைகுளோரோ சேர்மம் மட்டும் ஸ்டாஃபில் மேல் 19 மி.மீ. 4-டைஎத்தில்அமினோ (என் பட்டியலில் 9ஆவது) ஈ. கோலையில் ஒன்றுமே இல்லை, ஸ்டாஃபிலில் 10. அதை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 5 மைக்ரோகிராம் வைத்ததில் 30 மி.மீ வந்தது. வெறும் டிஎம்எஸ்ஓ துளையில் வட்டம் இல்லை.

டாக்கிங்கும் (மூலக்கூறு ஒரு புரதத்தில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தும் என்ற கணினிக் கணிப்பு; எண் இறங்க இறங்க இறுக்கம்) செய்தேன், −9.1 கிலோகலோரி வரை போகிறது. "எலக்ட்ரான் கவர் தொகுதிகள் செயல்திறனைக் கூட்டுகின்றன" என்று எழுதிக் கட்டுரையை அனுப்பிவிடலாம் என்கிறார் கைடு. எனக்கு ஏனோ மனசு ஒப்பவில்லை. எங்கே இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

#2 எரிச்சல் எலக்ட்ரான் | திங்கள் இரவு 10:05

இந்த மாதிரி கட்டுரை மாதத்துக்கு நாலு என் மேசைக்கு மதிப்புரைக்கு வருகிறது. ஆல்டிஹைடு, அமீன், அசிட்டிக் அமிலம், வட்டம், டாக்கிங், "எதிர்காலத்தில் மருந்தாகும் வாய்ப்பு பிரகாசம்". வார்ப்பு ஒன்றுதான், பெயர்கள் மட்டும் மாறும்.

நூறு மைக்ரோகிராமுக்கு 14 மி.மீ, அதில் 6 மி.மீ நீங்களே போட்ட ஓட்டை. பக்கத்தில் 5 மைக்ரோகிராம் சிப்ரோ 30 மி.மீ. இதை என்னவென்று நீங்களே சொல்லுங்கள்.

#3 தட்டுவாசி | திங்கள் இரவு 10:31

எலக்ட்ரான், வந்த முதல் நாளே பிள்ளையை விரட்டாதீங்க. மனசு ஒப்பலைன்னு கேட்க வந்திருக்கா, அதுவே பாதி ஆராய்ச்சி.

நான் நுண்ணுயிரியல் பக்கம், 20 வருஷமா தட்டு பார்க்கிறவள். வட்டத்தின் அளவை வைத்து ரெண்டு வேற சேர்மத்தை ஒப்பிடவே கூடாதும்மா. வட்டம் எவ்வளவு பெருசுங்கிறதுல கொல்லும் திறன் ஒரு பங்குதான். மூலக்கூறு அகாருக்குள்ள எவ்வளவு வேகமா பரவுது, தண்ணியில கரையுதா, துளைக்குப் பக்கத்துலயே வீழ்படிவா உட்கார்ந்துடுதா, அகார் 4 மி.மீ உயரம் இருக்கா, எல்லாமே அதுல கலந்திருக்கு. எண்ணெய்ப்பசை உள்ள நல்ல சேர்மம் நகராம உட்கார்ந்து சின்ன வட்டம் தரும். சுமாரான சேர்மம் நல்லாக் கரைஞ்சு பெரிய வட்டம் தரும். மருத்துவமனையில வட்டத்தை அளக்கிறாங்களேன்னு கேட்பே. அங்கே ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியா, எம்ஐசியோட (வளர்ச்சியை நிறுத்தத் தேவையான குறைந்தபட்ச அளவு) ஒப்பிட்டு எல்லை வகுத்து வச்சிருக்காங்க. உன் சேர்மத்துக்கு அப்படி ஒண்ணு கிடையாது.

சரி, ஒரு கேள்வி. அந்த 13–15 மி.மீ வட்டம் உள்ளே துப்புரவா இருந்ததா, இல்லை மெல்லிசா மூட்டம் மாதிரி வளர்ச்சி தெரிஞ்சதா?

#4 ஆரஞ்சுத்தூள் | திங்கள் இரவு 10:50

அக்கா, இது எப்படி உங்களுக்குத் தெரியும்? ஆமாம், மூட்டம் இருந்தது. சிப்ரோ வட்டம் கண்ணாடி மாதிரி இருந்தது, என்னுடையவை ஓரத்திலிருந்து உள்ளே போகப் போகக் கொஞ்சம் மங்கல். தட்டு பழசோ என்று நினைத்தேன். டைகுளோரோ மட்டும் ஸ்டாஃபில் தட்டில் சுத்தமாக இருந்தது.

#5 தட்டுவாசி | திங்கள் இரவு 10:58

குடுவை சாருக்குத் தூக்கம் வரலைன்னா இங்கே வரட்டும். நான் நினைக்கிறதைத்தான் அவரும் நினைப்பார்.

#6 பழைய குடுவை | செவ்வாய் காலை 6:15

தூங்கி எழுந்துதான் பார்த்தேன்.

மகளே, உன் அட்டவணையில் இல்லாத இரண்டு வரிசைகளைப் பற்றிக் கேட்கிறேன். வெறும் சல்ஃபாமெத்தாக்சசோல் எங்கே? வெறும் ஆல்டிஹைடுகள் எங்கே? சிப்ரோவை ஒப்பீட்டுக்கு வைத்தாய், சரி. அது தட்டும் கிருமியும் ஒழுங்காக இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். உன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் தாயும் தந்தையும்.

ஷிஃப் காரம் உண்டாகும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அது மீள்வினை என்று பள்ளியிலேயே படித்திருப்பாய். எத்தனாலில் வீழ்படிவாக விழுந்து தப்பித்ததால்தான் உனக்கு விளைச்சல் கிடைத்தது. அதை எடுத்துப் போய் 37 டிகிரியில், ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரான அகாரில் ஓர் இரவு முழுக்க ஊற வைக்கிறாய். வந்த வழியே திரும்பிப் போகாமல் என்ன செய்யும்? சாலிசிலால்டிஹைடில் உள்ள ஓஎச் தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பால் இமீனைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஓர் இரவு என்பது நீண்ட நேரம்.

உன் அமீன் வெறும் அமீனும் இல்லை. அதுவே ஒரு மருந்து. நீ பார்த்தது புதிய சேர்மத்தின் வேலையா, உள்ளிருந்து கழன்று வந்த பழைய சல்ஃபாவின் வேலையா? 11 சேர்மங்களுக்கும் பதிலி (வளையத்தில் ஒட்டிய தொகுதி) மாறியும் வட்டம் மாறவில்லை என்பதே எனக்கு உறுத்துகிறது. அந்த மூட்டமும் சல்ஃபாவின் கையெழுத்துதான். அது, பாக்டீரியா பெருகத் தேவையான ஃபோலேட் என்ற வைட்டமினின் தயாரிப்பை நிறுத்துகிறது. கையிருப்பில் உள்ள ஃபோலேட்டை வைத்துக்கொண்டு பாக்டீரியா சில தலைமுறை பெருகிய பிறகுதான் நிற்கும். அதனால்தான் சல்ஃபா வட்டத்தில் லேசான வளர்ச்சியைக் கணக்கில் எடுக்காமல் அளப்பார்கள், எம்ஐசி பார்க்கும்போதும் 80 சதவீதத் தடையையே எல்லையாகக் கொள்வார்கள்.

"எலக்ட்ரான் கவர் தொகுதி" வாக்கியத்தையும் யோசி. அந்தத் தொகுதிகள் எலக்ட்ரானை இழுத்து இமீன் கார்பனை இன்னும் பசியோடு வைத்திருக்கும், நீர் வந்து தாக்குவது எளிதாகும். நீ செயல்திறன் என்று எழுதப்போவது உடையும் வேகமாக இருந்துவிடலாம்.

#7 எரிச்சல் எலக்ட்ரான் | செவ்வாய் காலை 8:20

இதை நான் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. மதிப்புரையில் "புதுமை போதாது" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியே பழகிவிட்டது.

#8 கணிப்பொறியான் | செவ்வாய் காலை 9:02

டாக்கிங் பற்றி ஒரு வார்த்தை, அது என் பிழைப்பு என்பதால். −9.1 என்பதைப் பார்த்து மகிழாதீர்கள். பெரும்பாலான மதிப்பீட்டு முறைகளில் மூலக்கூறு பெருத்தால் எண் இன்னும் கீழே இறங்கும், காரணம் தொட்டுக்கொள்ளும் அணுக்கள் கூடுகின்றன. உங்கள் அமீனோடு ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டினாலே எண் இறங்கியிருக்கும். எந்தப் புரதத்தில் செய்தீர்கள்?

#9 ஆரஞ்சுத்தூள் | செவ்வாய் காலை 9:30

டிஎன்ஏ கைரேஸ் என்ற பாக்டீரியா நொதி. எல்லாரும் அதில்தான் செய்கிறார்கள்...

#10 கணிப்பொறியான் | செவ்வாய் காலை 9:34

சல்ஃபாவின் இலக்கு ஃபோலேட் தயாரிப்பில் உள்ள டைஹைட்ரோப்டிரோவேட் சின்தேஸ் என்ற வேறொரு நொதி. அண்ணன் வீட்டுச் சாவியை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுப் பூட்டில் நுழைத்துப் பார்த்தமாதிரி. நுழைந்தது என்பதும் உண்மைதான், அதுதான் சிக்கல்.

#11 வேடிக்கை மனிதன் | செவ்வாய் மதியம் 1:15

நான் வேதியியல்காரன் இல்லை, சும்மா படித்துக்கொண்டிருக்கிறேன். உடைந்து பழைய மருந்து வெளியே வந்தால் என்ன தப்பு? கிருமி செத்தால் சரிதானே? உடலுக்குள் போய் மருந்தாக மாறும் மாத்திரைகள் இல்லையா?

#12 பழைய குடுவை | செவ்வாய் மதியம் 2:40

நல்ல கேள்வி. இந்தத் துறையே அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

1932இல் கெர்ஹார்ட் டோமாக் புரோண்டோசில் என்ற சிவப்புச் சாயத்தை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிய எலிகளுக்குக் கொடுத்தார். எலிகள் பிழைத்தன. சோதனைக் குழாயில் அதே சாயம் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. இன்றைய வழக்கப்படி முதலில் தட்டில் வைத்திருந்தால் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். 1935இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தார் மர்மத்தை அவிழ்த்தார்கள். உடலுக்குள் அந்த அசோ பிணைப்பு உடைந்து சல்ஃபானிலமைடு வெளியே வருகிறது. வேலை செய்தது அதுதான். நிறத்துக்கு அதில் பங்கே இல்லை. அந்தச் சல்ஃபானிலமைடை 1908லேயே வியன்னாவில் பால் கெல்மோ தொகுத்து வைத்திருந்தார், சாயத் தொழிலுக்காக. காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றாகிவிட்டது. டோமாக்குக்கு 1939இல் நோபல்.

ஆகவே உடைவது பாவமில்லை. ஆனால் அப்போது நீங்கள் கண்டுபிடித்தது புதிய கொல்லி அல்ல, பழைய கொல்லிக்குப் புதிய உறை. உறைக்கு ஒரு காரணம் வேண்டும்: வயிற்றில் உறிஞ்சப்பட உதவுகிறதா, தொற்று உள்ள இடத்தில் மட்டும் திறக்கிறதா? அதையும் சோதித்துக் காட்ட வேண்டும். தவிர, சல்ஃபாவுக்கு ஏற்கனவே எதிர்ப்புப் பெற்ற கிருமி உறையைப் பார்த்து ஏமாறாது.

#13 வேடிக்கை மனிதன் | செவ்வாய் மதியம் 3:05

சரி. அப்படியென்றால் முழுக்கப் புதிதாக ஒன்று செய்ய ஏன் இவ்வளவு கஷ்டம்? பணம் உள்ள கம்பெனிகள் லட்சக்கணக்கில் மூலக்கூறுகளைச் சோதிக்கலாமே.

#14 பழைய குடுவை | செவ்வாய் இரவு 7:50

சோதித்தார்கள். கிளாக்சோஸ்மித்கிளைன் 1995 முதல் 2001 வரை 70 பெரும் சல்லடைச் சோதனைகளை நடத்தி, 2007இல் கணக்கை நேர்மையாக வெளியிட்டது. தேறிய தொடக்க மூலக்கூறுகள் ஐந்து. ஐந்து மருந்துகள் இல்லை, மேற்கொண்டு வேலை செய்யலாம் என்ற நிலையில் ஐந்து. நொதியைத் தடுக்கும் மூலக்கூறுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவை பாக்டீரியாவுக்குள் நுழையவில்லை, அல்லது நுழைந்ததும் வெளியே தள்ளப்பட்டன.

ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிக்கு இரண்டு மதில். வெளிமதில் லிப்போபாலிசாக்கரைடால் ஆனது, எண்ணெய்ப்பசை மூலக்கூறுக்கு வழி விடாது. போரின் என்ற நீர்வாசல் வழியே சிறிய, நீர்விரும்பும் மூலக்கூறுகள் மட்டும் போகலாம். உள்மதிலோ கொழுப்பால் ஆனது, அதற்குக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை வேண்டும். இரண்டையும் ஒருவரே திருப்திப்படுத்த வேண்டும். தாண்டி உள்ளே போனால் ஏசிஆர்ஏபி-டிஓஎல்சி என்ற பம்பு கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். மனித உயிரணுவுக்காகச் சேர்த்துவைத்த மூலக்கூறுக் கிடங்குகளில் இந்த வேலைக்கு ஆள் இல்லாததில் ஆச்சரியம் இல்லை.

இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹெர்கன்ரோதர் குழு 2017இல் ஒரு வழி காட்டியது. ஈ. கோலைக்குள் எவை சேர்கின்றன என்று வரிசையாகப் பார்த்து, மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: முதல்நிலை அமீன் ஒன்று, வளைந்து நெளியாத விறைப்பான உடல், பந்துபோல உருண்டில்லாத தட்டை வடிவம். அதன்படி, வெளிமதில் இல்லாத கிராம்-பாசிட்டிவ் கிருமிகளை (ஸ்டாஃபில் போன்றவை) மட்டும் கொன்ற டீஆக்சிநைபோமைசினில் அமீனைப் பொருத்தினார்கள். கிராம்-நெகட்டிவ் மேலும் வேலை செய்தது. எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அமீனை ஒட்டினால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள், உள்ளே போன பிறகு செய்ய அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும்.

#15 எரிச்சல் எலக்ட்ரான் | செவ்வாய் இரவு 8:30

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக் 2018 ஜூனில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதைச் செய்த அக்காவோஜன் நிறுவனம் 2019 ஏப்ரலில் திவால். புது ஆன்டிபயாடிக்கை மருத்துவர்கள் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைப்பார்கள், அதுதான் முறையும்கூட. பூட்டி வைத்த சரக்கை விற்று எந்தக் கம்பெனி பிழைக்கும்? இன்னொரு பக்கம், மருந்து எதிர்ப்பு நேரடியாகக் காரணமான இறப்பு 2019இல் மட்டும் 12.7 லட்சம் என்று கணக்கு.

#16 கணிப்பொறியான் | செவ்வாய் இரவு 9:10

எங்கள் பக்கமும் முழுக்க வெட்டி இல்லை. 2020இல் எம்ஐடி குழு 2,335 மூலக்கூறுகளின் ஈ. கோலைத் தடை முடிவுகளை வைத்து ஒரு கணினி நரம்பு வலையைப் பழக்கி, ஹாலிசின் என்ற கிருமிக்கொல்லியைப் பிடித்தது. நீரிழிவுக்காகப் பார்க்கப்பட்ட பழைய மூலக்கூறு. கவனிக்க வேண்டியது: பழக்கிய தரவு முழுக்க உயிருள்ள பாக்டீரியாமேல் செய்த சோதனை, டாக்கிங் எண் இல்லை. கெட்ட தரவு கொடுத்தால் இயந்திரமும் கெட்டதைத்தான் கற்கும். இந்த 11 வட்டங்களும் ஒரு தரவுத்தளத்தில் "புதிய செயலூக்கி" என்று போயிருந்தால் எனக்குத்தான் தலைவலி.

#17 ஆரஞ்சுத்தூள் | செவ்வாய் இரவு 10:20

இரண்டு முறை படித்துவிட்டேன். அழுகை வரவில்லை, வரும் போல இருந்தது. ஒரு வருட வேலை. நாளை என்ன செய்யட்டும்?

#18 தட்டுவாசி | செவ்வாய் இரவு 10:41

அழாதே. நாளைக்குச் செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை.

சல்ஃபாவை முறிக்கிறது பாரா-அமினோபென்சோயிக் அமிலம், பாபா. 1940லேயே தெரிஞ்ச விஷயம். பாக்டீரியா ஃபோலேட் கட்டுறதுக்குத் தேடுற கல்லே அதுதான், சல்ஃபா அதே உருவத்துல வந்து இடத்தை அடைச்சுக்குது. நிஜக் கல்லை நிறையக் கொட்டினா சல்ஃபா தோத்துப் போகும். தட்டுல உன் துளைக்குக் கொஞ்சம் தள்ளி பாபா நனைச்ச ஒரு வட்டத்தாளை வை. கொல்றது சல்ஃபான்னா, வட்டம் அந்தப் பக்கம் மட்டும் தட்டையாகி, கடிச்ச மாதிரி இருக்கும். வேற வழியில கொல்லுதுன்னா வட்டம் வட்டமாவே இருக்கும்.

கூடவே வெறும் சல்ஃபா, வெறும் ஆல்டிஹைடு துளைகளும் போடு. அளவைக் குடுவை சார் சொல்வார். எம்ஐசி பிறகு. அதுக்கு நேர்த்தியான குழம்பு (கிருமி வளர்க்கிற திரவம்), மில்லிலிட்டருக்கு 5 லட்சம் கிருமி, டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. உன் சரக்கு நிறமாவும் இருக்கு, தண்ணியில விழுந்து கலங்கலாவும் ஆகும், அதனால கருவியில ஒளிமறைப்பு அளந்து நம்பிடாதே.

#19 பழைய குடுவை | புதன் காலை 6:05

அளவு: சாதாரண சாலிசிலால்டிஹைடு சேர்மத்தின் மூலக்கூறு எடை 357.4, சல்ஃபாமெத்தாக்சசோல் 253.3. முழுக்க உடைந்தால் 100 மைக்ரோகிராமிலிருந்து 71 மைக்ரோகிராம் சல்ஃபா வரும். ஆகவே தாய்க்கு 71 வை, 100 இல்லை. டைகுளோரோவில் எடை 426.3, அதிலிருந்து சல்ஃபா 59, ஆல்டிஹைடு 45. இந்த ஆல்டிஹைடை நான் சந்தேகிக்கிறேன். ஹாலஜன் (குளோரின் போன்றவை) ஏறிய சாலிசிலால்டிஹைடுகள் தாமே கிருமியைத் தடுக்கக்கூடியவை.

இன்னொன்று: பிஎச் 7.4 பஃபரில் நீர்த்து, 350 நானோமீட்டர் பக்கம் உள்ள இமீன் பட்டையை புற ஊதா-கட்புல மானியில் மணிக்கொரு தடவை பார். எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்துப் பார்க்கும் கருவி) செய்யப் போனால் நகர்கரைப்பானில் ஃபார்மிக் அமிலம் சேர்க்காதே. அதுவே உடைத்துவிட்டு, "பார்த்தாயா உடைந்துவிட்டது" என்று உன்னிடமே சொல்லும். நான் இப்படி மூன்று வாரம் ஏமாந்திருக்கிறேன்.

#20 எரிச்சல் எலக்ட்ரான் | புதன் காலை 8:45

சோடியம் போரோஹைட்ரைடு கையில் இருந்தால் ஒரு சேர்மத்தை அமீனாக ஒடுக்கி அதையும் வையுங்கள். இமீன் போய் உடையாத ஒற்றைப் பிணைப்பு வரும். சல்ஃபாவுக்கு அந்த முனையில் வெறும் அமீன் தேவை என்பதால், ஒடுக்கியது சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தால் வழக்கு முடிந்தது.

(இனி மதிப்புரையில் இதைக் கேட்பேன். "புதுமை போதாது" என்பதைவிட உபயோகம்.)

#21 ஆரஞ்சுத்தூள் | அடுத்த திங்கள் இரவு 8:15

முடிவுகள்.

ஈ. கோலை: 71 மைக்ரோகிராம் சல்ஃபாவுக்கு 14 மி.மீ. அதே மூட்டம். என் 11 சேர்மங்களிலும் பாபா பக்கம் வட்டம் தட்டை. யாரோ கடித்த மாதிரியே இருக்கிறது அக்கா. பஃபரில் இமீன் பட்டை இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிட்டது. போரோஹைட்ரைடில் ஒடுக்கியதற்கு வட்டமே இல்லை.

ஸ்டாஃபில், டைகுளோரோ: பாபா ஒன்றும் செய்யவில்லை. ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பிறகு வெறும் ஆல்டிஹைடு துளையைப் பார்த்தேன், 18 மி.மீ.

கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "பாபா தாளை யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. தூக்கிப் போட நினைத்த 9ஆவது. பஃபரில் ஓர் இரவு கழித்தும் பட்டை பெரிதாகக் குறையவில்லை. ஸ்டாஃபிலில் அதே 10 மி.மீ, பாபா பக்கமும் வட்டமாகவே. அதன் ஆல்டிஹைடுக்கு ஒன்றும் இல்லை, சல்ஃபாவுக்கு வருகிற மூட்டமும் இல்லை.

#22 தட்டுவாசி | திங்கள் இரவு 8:32

10ல 6 போனா சுத்தி ரெண்டு ரெண்டு மி.மீ. துளைக்குப் பக்கத்துல வீழ்படிவு தெரியுதா?

#23 ஆரஞ்சுத்தூள் | திங்கள் இரவு 8:36

ஆமாம், மஞ்சள் வளையமாக. நகரவே இல்லை.

#24 பழைய குடுவை | திங்கள் இரவு 9:10

டைஎத்தில்அமினோ எலக்ட்ரானைக் கொடுக்கும், அதனால் இமீன் நிலைப்பது நியாயமே. மற்றது எதையும் இப்போது நம்பாதே. ஒரு மில்லிகிராம் மாசு இதையெல்லாம் செய்யும். புதிதாகத் தொகுத்து, வேறொரு கரைப்பானில் இரண்டு முறை மீள்படிகமாக்கி, உருகுநிலை பார்த்து, மறுபடி வை. அப்போதும் வட்டம் வந்தால் குழம்பில் எம்ஐசி, அதோடு சிவப்பணுவை உடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சோப்புபோல எல்லாச் சவ்வையும் கிழிக்கிற சரக்கானால் நமக்கு வேண்டாம்.

#25 ஆரஞ்சுத்தூள் | திங்கள் இரவு 9:14

எத்தில் அசிட்டேட்-ஹெக்சேனில் முதல் படிகம் மதியமே போட்டுவிட்டேன் சார். ஊசி ஊசியாக வந்திருக்கிறது. காலையில் வடிகட்டுகிறேன்.